யோகலட்சுமிக்குத் தூக்கா, கத்தியா?

என்ன கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியமா? சர்க்கரை, பிரஷர் எல்லாம் அடங்கி ஒடுங்கி இருக்கிறதா? மாத்திரை போட்டாச்சா? போடாதவர்கள் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வரியிலேயே ஒரு அலறல் காத்திருக்கிறது!

"ஐயய்யோ...!"

பூரணியின் அலறல்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருந்த அந்தச் சின்ன ஷூ கம்பெனி ஒரு தடவை குலுங்கி அடங்கியது. தையல் மெஷின்கள் நின்றன. டீ டம்ளர்கள் பாதி வழியில் நின்றன.

பூரணி பேக்கிங் செக்‌ஷன். காலையில் சாம்பிள் ரூம் கதவைத் திறந்தவள், நிலைப்படியிலேயே உறைந்து போயிருந்தாள்.

தரையில் ஒரு கால் கிடந்தது.

இடது கால்.

செக்கச்செவேல் என்று...

வலது காலைக் காணோம்!

நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஷூவின் கால்தான். மதியம் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர் அம்மாள் வருகிறாள். அவளுக்குக் காட்டுவதற்காகவே, பார்த்துப் பார்த்துச் செய்த ஒரே ஒரு ஜோடி சிவப்பு ஷூ. அதில் பாதி மாயம்!

மேஜை மேல் குற்றவாளி நின்றுகொண்டிருந்தாள்.

பெயர் யோகலட்சுமி. நிறம் கறுப்பு. வயது இரண்டு. கழுத்தில் கயிறு. முகத்தில் துளிக்கூட வருத்தம் இல்லை.

"மே...!" என்றாள்.

ஆமாம், ஆடுதான். ஆர்டர் கிடைத்தால் மறுநாள் எல்லாருக்கும் பிரியாணி என்று, ஒடுகத்தூர் சந்தையிலிருந்து வாங்கி வந்து பின்பக்கம் கட்டியிருந்தார்கள். யாரும் பெயர் வைக்கச் சொல்லவில்லை. பூரணிதான் கழனித் தண்ணியும் பலா இலையும் கொடுத்து, கொடுத்த கையோடு பெயரையும் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு பிரியாணி எப்படி இறங்கும்? அதுதான் அவளுக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

"தின்னுடுச்சி! ஷூவைத் தின்னுடுச்சி!"

நொண்டிக்கொண்டே ஓடி வந்தான் பிரேம்குமார். லெதர் மேனேஜர். தோலைத் தடவிப் பார்த்தே ஏ கிரேடா, பி கிரேடா என்று சொல்லுகிற ஆசாமி. அவனுடைய வலது காலில் தலையணை பருமனுக்கு ஒரு கட்டு. ஓரமெல்லாம் புளிய இலை பிதுங்கிக்கொண்டிருந்தது.

"கால்ல இன்னா சார்?"

"சுளுக்கு. பைக் ஸ்டாண்டு இடிச்சிடுச்சி. என் காலை வுடுக்கா, ஷூவைப் பாரு! கொலைகாரி!"

"ஷூ முழுசாவா தின்னும்?"

"ஆடு எதையும் தின்னும்!"

"சோலு? ஹீலு? உள்ள இருக்கற ஸ்டீல் பட்டை?"

"பசியில ருசி பாக்குமா?"

பூரணி கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. அவிழ்ந்திருந்தது.

ஆடு எப்படி முடிச்சை அவிழ்க்கும்...?

அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி நயீம் அகமது வந்துவிட்டார். ஒற்றை ஷூவைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார்.

"யா அல்லா! பையர் வர்ற நாள்லயா இந்தப் பேஜாரு? இதுக்கு இன்னாடா தண்டனை?"

"மரண தண்டனை, பாய்!" பிரேம்குமார் பாய்ந்தான். "உடனே!"

"அது எப்படியும் நாளைக்கு பிரியாணிதானேடா?"

பிரேம்குமார் ஒரு வினாடி விழித்தான்.

"பிரியாணி வேற பாய். தண்டனை வேற."

"அந்த வித்தியாசம் ஆட்டுக்குத் தெரியுமா சார்?" என்றாள் பூரணி.

"நீ சும்மா இரு, அக்கா!"

நயீம் அகமது ஒரு முடிவுக்கு வந்தார். "கசாப்புக் கடை அஃப்ரோஸுக்கு போனைப் போடு. அறுத்து வயித்துல இருக்கற ஷூவை எடுங்க. கழுவி, பாலிஷ் போட்டு, ஃபேன்ல காய வெச்சிடலாம்."

பிரேம்குமாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது!

"கத்தி வேணாம் பாய்! கத்தி... கத்தி காட்டுமிராண்டித்தனம்! உலகம் எங்கியோ போய்ட்டுது. வலி தெரியாம சாவடிக்க எவ்வளவோ வழி இருக்கு. நீட்டா முடிச்சி, அப்படியே முழுசாப் பொதைச்சிடலாம். மனிதாபிமானம் முக்கியம் பாய்!"

பூரணி இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா சார் திடீர்னு? தினம் கட்டுக் கட்டாத் தோலைத் தடவிப் பாக்கறீங்களே... அதெல்லாம் ஆடுங்க சிரிச்சிக்கினே கழட்டிக் குடுத்ததா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நயீம் அகமது மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குத் தண்டனை என்கிற வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஒரு உயிரை எடுக்கிறோம், முறையாக எடுக்க வேண்டாமா?

"கன்னியப்பனைக் கூப்பிடு!"

கன்னியப்பன் வாட்ச்மேன். அதற்கு முன்னால் ஒரு ஜெயிலில் வார்டர். தூக்குப் போடுவதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனால் பார்த்தவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்!

"தூக்குன்னா விளையாட்டு இல்ல பாய்," என்று மீசையைத் தடவினார். "மொதல்ல எடை போடணும். அதே எடைக்கு மணல் மூட்டை கட்டி, இறக்கிப் பாக்கணும். கயிறு நீளம் ஜாஸ்தியா போனா தலை தனியா வந்துடும். கம்மியா போனா உசுரு போவாம துடிச்சிக்கினே கிடக்கும்."

யாரோ ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்புறம் டாக்டர் வரணும். உடம்பு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுக்கணும்."

"சாகறதுக்கு உடம்பு நல்லா இருக்கணுமா அண்ணே?" பூரணி வாயைப் பிளந்தாள்.

"ஆமாம்மா. சீக்காளியைத் தூக்க மாட்டாங்க. நல்லாக்கித்தான் தூக்குவாங்க."

"அடப் பாவமே!"

"கரண்ட் வெச்சா?" என்றார் நயீம் அகமது.

"நம்ம லைன்ல வர்ற கரண்டை நம்பியா பாய்? பாதியில போய்ட்டா? பாதி செத்த ஆட்டை வெச்சிக்கினு ஈ.பி. ஆபீசுக்குப் போன் பண்ண முடியுமா?"

"ஊசி!" பிரேம்குமார் கத்தினான். "தூங்கறாப்பல போய்டும்!"

"அது தூங்கறாப்பல இருக்குன்னு நமக்குத்தான் சார் தெரியும்," என்றார் கன்னியப்பன். "அதுக்கு எப்படி இருந்துதுன்னு யார் எழுந்து வந்து சொன்னா?"

எல்லாரும் ஆட்டைப் பார்த்தார்கள். யோகலட்சுமி பாட்டுக்கு அசை போட்டாள்.

அந்த நேரம் பார்த்து கேட்டுக்கு வெளியே பைக் சத்தம். கசாப்புக் கடை அஃப்ரோஸ்! உள்ளே வராமல் சுவரோரமாக நின்று குரல் மட்டும் கொடுத்தான்.

"பாய், நான் இங்கியே இருக்கேன். கத்தியை ஜானவர் கண்ணுல, அதான் ஆட்டுக் கண்ணுல, காட்டக் கூடாது. மொதல்ல தண்ணி காட்டுங்க. அப்புறம், போன்ல தூக்கு கீக்குன்னு காதுல வுழுந்துது. தூக்குல போட்டா அது ஹராம். நான் தொட மாட்டேன்."

"அப்ப தூக்குதான் கரெக்ட்டு!" பிரேம்குமார் துள்ளினான். "யாரும் தொட வேணாம்! நானே குழி வெட்டறேன்!"

பூரணியின் மூளையில் பளிச்சென்று ஒரு பல்பு!

கத்தி என்றால் வேண்டாம் என்கிறான். தூக்கு சரி, ஊசி சரி. ஆடு சாக வேண்டும், ஆனால் அதன் வயிறு மட்டும் திறக்கக் கூடாது...

ஏன்?

"பாய், நாளைக்கு வரைக்கும் இதை என்கிட்ட வுடுங்க," என்றாள். "ஷூவுல ஆணி இருக்கு, ஸ்டீல் இருக்கு. தின்னிருந்தா பின்பக்கமா வந்துதானே ஆவணும்? நான் பக்கத்துலயே உக்காந்து பொறுக்கறேன். ஒரு ஆணி கிடைச்சாலும் நானே கயிறு திரிச்சித் தர்றேன்."

"நாளைக்கு வரைக்கும் எல்லாம் முடியாது!" பிரேம்குமாரின் குரல் கீச்சிட்டது.

"ஏன் சார், உங்களுக்கு இன்னா அவசரம்? இப்ப தூக்குல போட்டுட்டீங்க. சாயந்தரம் அந்த ஷூ பீரோவுக்குப் பின்னாடி கிடைக்குது. அப்ப இன்னா பண்ணுவீங்க? ஸாரிம்மான்னு சொல்லி இறக்கி வுட்டா நடந்து போய்டுமா?"

நயீம் அகமது தாடியைத் தடவினார். பூரணியின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"சரி. அது ஷூ தின்னும்னா, இப்பவும் தின்னும். இடது காலை அது முன்னாடி வை. தின்னா தண்டனை. தின்னலன்னா விடுதலை."

"பாய்! இருக்கறதே அந்த ஒண்ணுதான்!" என்று பதறினான் பிரேம்குமார்.

"ஒத்தைக் காலை வெச்சிக்கினு நான் யாருக்குடா விக்கறது? வை!"

பூரணி அதைத் தரையிலிருந்து எடுத்தாள். சிவப்பு ஷூவை யோகலட்சுமியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

*தின்னாதடி தங்கம்... தின்னா செத்த...*

யோகலட்சுமி மோந்து பார்த்தாள்.

நாக்கை நீட்டினாள்!

பூரணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஹ்ச்சூ...!"

அப்படி ஒரு தும்மல்! பாலிஷ் வாடை பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் யோகலட்சுமி.

"விடுதலை!" பூரணி குதித்தாள்.

"சட்டப்படி கடைசி ஆசையைக் கேக்காம வுட்டுட்டோமே," என்று கன்னியப்பன் முனகினார்.

கேட்கத் தேவையே இல்லை. யோகலட்சுமிக்குக் காலையிலிருந்து ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த ஆசை இப்போது மேஜையிலிருந்து தொப்பென்று குதித்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியது. நேராகப் பிரேம்குமாரின் வலது காலில் வாயை வைத்தது!

புளிய இலை!

"ஐயோ! புடிங்க! கொலைகாரி! புடிங்க!"

யார் பிடிப்பது? யோகலட்சுமி இலையை இழுத்தாள். இலையோடு துணி வந்தது. துணியோடு இன்னும் துணி வந்தது. பிரேம்குமார் ஒற்றைக் காலில் சுற்றிச் சுற்றி ஆட, கட்டு பம்பரக் கயிறு மாதிரி அவிழ்ந்துகொண்டே வந்தது.

கடைசிச் சுற்றும் விழுந்தது.

உள்ளே...

பளபளவென்று...

செக்கச்செவேல் என்று...

வலது கால் ஷூ!

சாம்பிள் ரூமில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். விழவில்லை. பிரேம்குமார்தான் விழுந்தான்.

"பாய்... ஞாயித்துக்கிழமை குடியாத்தத்துல பொண்ணு பாக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாங்க. எக்ஸ்போர்ட் ஷூ போட்டுக்கினு எடுத்தா கெத்தா இருக்கும்னு நேத்து சாயந்தரம்..."

"சாம்பிள் நாப்பத்திரண்டு சைஸ்டா! உன் கால் இன்னா?"

"நாப்பத்தஞ்சு, பாய்."

"வலது காலுல ஏன்டா போட்டே?"

"மொதல்ல வலது காலை எடுத்து வைக்கறதுதானே நல்லது, பாய்? உள்ள போச்சி. வெளிய வரல. தேங்காண்ணெய் போட்டேன், சோப்பு போட்டேன். ராத்திரியில கால் வீங்கிப் போச்சி. அதான் காலையில ஆட்டை அவுத்து உள்ள வுட்டு..."

"ஒரு போட்டோவுக்காக ஒரு உசுரா சார்?" பூரணி கேட்டாள்.

அவன் தலை குனிந்தது. அதையும் கண்டுகொள்ளாமல் யோகலட்சுமி அவனுடைய பேன்ட் நுனியை மென்றுகொண்டிருந்தாள்.

நயீம் அகமது பெருமூச்சு விட்டார். "சரி, ஆடு நிரபராதி. கொண்டு போய் பின்னாடி கட்டுங்க. நாளைக்குப் பிரியாணி."

பூரணி திடுக்கிட்டாள்!

"பாய்! குத்தம் பண்ணிச்சின்னு சொன்னப்ப எடை போடணும், டாக்டர் வரணும், கடைசி ஆசை கேக்கணும்னு அவ்வளவு பேசினீங்க. குத்தமே பண்ணலன்னா ஒரு கேள்வியும் இல்லாம பிரியாணியா?"

பதில் அஃப்ரோஸிடமிருந்து வந்தது. கத்தியை பைக் பெட்டியிலேயே பூட்டிவிட்டு உள்ளே வந்த அவன், ஆட்டின் வயிற்றைத் தடவினான். ஒரு பக்கம் அழுத்தினான். எழுந்து நின்றான்.

"பாய், இதை யாரு வாங்கினது?"

"பிரேம்குமார்."

"சார், எதைப் பாத்து வாங்கினீங்க?"

"தோலைப் பாத்துதான்," என்றான் பிரேம்குமார், கீழே விழுந்து கிடந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக. "ஒரு கீறல் இல்ல, ஒரு உண்ணிக் கடி இல்ல. ஏ கிரேடு!"

"தோலுக்குள்ள இன்னா இருக்குன்னு பாக்கலியே. இது சினை ஆடு சார். உள்ள ரெண்டு குட்டி உதைக்குது. நான் அறுக்க மாட்டேன்."

கன்னியப்பன் சடாரென்று விறைத்து சல்யூட் அடித்தார். யாருக்கு என்று அவருக்கே தெரியாது.

"கர்ப்பிணிக்குத் தூக்கு கிடையாது பாய்! சட்டமே இருக்கு! ஆயுள் தண்டனைதான்!"

"எங்க வீட்டுல அனுபவிக்கட்டும்!" பூரணி யோகலட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் தூக்கமும் அங்கேயே கண்ணைச் சுழற்றியது.

"அப்ப நாளைக்கு?" என்றார் யாரோ, சோகமாக.

"கறி இல்லாத குஸ்கா!" என்றார் நயீம் அகமது.

கீழேயிருந்து ஒரு ஈனசுரம் கேட்டது. "பாய்... இந்த ஷூவை மட்டும் வெட்டி எடுத்துடலாமா? உசுரு போவுது..."

"ஷூ மேல கத்தி பட்டுது, நான் மனுஷனா இருக்க மாட்டேன்! பையர் வர்ற நேரம்!"

"கத்தி காட்டுமிராண்டித்தனம்னு சாரே சொல்லியிருக்காரு," என்றார் கன்னியப்பன்.

வாசலில் கார் ஹாரன்!

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜையில் இடது ஷூ. பக்கத்தில் ஒரு திரை. திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு வலது கால். "போட்டுக் காட்ட மாடல் வெச்சிருக்கோம், மேடம்," என்று நயீம் அகமது இங்கிலீஷில் வெளுத்து வாங்கினார். பையர் அம்மாள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அசந்து போனாள். திரைக்குப் பின்னால் ஒரு முனகல். ஆர்டர் ஓகே!

அம்மாள் கை குலுக்கினாள். கிளம்பும்போது திரும்பி ஒன்று சொன்னாள்.

அந்த ஜோடியை இன்றைக்கே பெட்டியில் போட்டு, அப்படியே தன் ஊருக்கு அனுப்பிவிட வேண்டுமாம்!

கார் போய்விட்டது.

நயீம் அகமது பூரணியைப் பார்த்தார். பேக்கிங் செக்‌ஷன் பூரணி, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நிதானமாகத் திரை அருகே போனாள்.

"பாய், பெட்டி ஷூ அளவுக்கா... சார் அளவுக்கா?"

அவ்வளவுதான் கண்ணுகளா! உங்கள் பக்கத்திலும் யாராவது தன் குற்றத்தை ஒரு வாயில்லா ஜீவன் தலையில் கட்டி, தண்டனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு விவரமாக எழுதுங்கள். ஊர், பெயர் எதுவும் வேண்டாம்.

அந்த ஆசாமியின் ஷூ சைஸ் மட்டும் போதும்!