கல்துறைக் கிணற்றில் மிதந்தது

தோணி படித்துறையைத் தொடுவதற்குள் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவந்து அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"ஐயா, எம் புருசனக் கட்டி வச்சிருக்காக! பொழுது சாஞ்சா குடிசையக் கொளுத்தி எங்கள வெரட்டிருவாக. கிணத்துல நாயைப் போட்டது அவரில்லய்யா!"

அவள் பெயர் தங்கப்பொண்ணு. தோணியில் இருந்தவர் சௌரிராஜன். மதுரைப் பட்டு வியாபாரி. போலீசார்கூடச் சிக்கலான வழக்குகளில் அவரிடம் யோசனை கேட்பதுண்டு. கூட இருந்தவன் அவர் நண்பன் யூனுஸ். 1934 ஐப்பசியில் வைகை நிறைந்து ஓடியதால், தொண்டியிலிருந்து பாய்மரத் தோணி ஒன்றை வரவழைத்திருந்தான். போகும்போது வெள்ளம் இழுக்கும், திரும்பும்போது வாடைக்காற்று பாயைத் தள்ளும் என்பது அவன் கணக்கு. கல்துறையின் பாண்டியர் காலத்து மண்டபத்தைப் பார்க்க வந்தவர்கள், அதன் தூணில் அவள் கணவன் காளை கட்டப்பட்டிருப்பதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

பக்கத்துக் கிணற்றில் ஒரு நாய் வயிறு உப்பி மிதந்தது. இறைத்த வாளியில் அதன் மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது. யூனுஸ் மூக்கைப் பொத்தினான். "அண்ணே, காலையில தின்ன இடியாப்பம் மேல வருது."

ஊர்ப் பெரியவர் அழகுமலை வந்தார். "கீழத்தெருவும் இதுல இறைக்கலாம்னு போன மாசம் உத்தரவு வந்துச்சு. குடிக்க விட்டா நாயைப் போடுறானுக! இவன் நேத்துச் சாயங்காலந்தான் உசிலம்பட்டிச் சந்தையிலருந்து வந்தான். நாலு நாளு ஊரு நிம்மதியா இருந்துச்சு. வந்த ராத்திரியே வேலையக் காட்டிட்டான்."

வீட்டுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். கண்ணாடிபோல் இருந்தது.

"ஆத்துத் தண்ணியா? எப்படி இம்புட்டுத் தெளிவு?" என்றான் யூனுஸ்.

"தேத்தாங்கொட்டைய உரசிப் போட்டது பாய். காலையில நாயைப் பாத்த பெறகுதான் ஆத்துக்கே ஆள் விட்டேன்."

சௌரிராஜன் கால் கழுவக் கொல்லைக்குப் போனார். பானைகளின் வண்டலைக் கொட்டும் இடம் கூரை இறவாரத்தடியில், மழை படாத இடமாக இருந்தது. குனிந்து கிளறிப் பார்த்துவிட்டு, ஊரை மண்டபத்தில் கூட்டச் சொன்னார்.

"செத்த உடல் தண்ணியில போட்டதும் முங்கும். அழுகி, வயித்துல காத்து சேந்த பெறகுதான் மேல வரும். அதுக்கு ரெண்டு மூணு நாளு ஆகும்" என்றார்.

"அழுகுனதையே கொண்டாந்து போட்டிருந்தா?" என்றான் யூனுஸ்.

"தெரு முழுக்க நாறியிருக்கும். யாருக்காவது நாத்தம் வந்துச்சா?" எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். "மயிர் கொத்தாக் கழண்டு வருது. நாளாத் தண்ணியில ஊறின உடம்பு அது. நேத்துச் சாயங்காலம் வரைக்கும் காளை உசிலம்பட்டியில. சொன்னது பெரியவரேதான்."

"அப்ப யாரு?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஆத்து மணல் வடிகட்டுறதால உங்க கிணத்துத் தண்ணி எப்பவும் தெளிவு. வெள்ளத் தண்ணி அப்படியில்ல. தேத்தாங்கொட்டை அதிலுள்ள சேத்தையெல்லாம் ஒண்ணாச் சேத்து அடியில இறக்கும். அந்தச் சேறு பெரியவர் கொல்லையில கிடக்கு. மேல ஈரம், அடியில காஞ்சு வெடிச்சிருக்கு. இன்னிக்குக் கொட்டுனது இன்னிக்கே வெடிக்காது. நாய் மிதக்கும் முன்னாடியே, கிணத்துத் தண்ணிய விட்ட ஒரே வீடு இவருதுதான்."

"கீழத்தெருக்காரன் தொட்டா மட்டும் அது தண்ணியா?" என்று உறுமினார் அழகுமலை.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. இத்தனை நாளும் அதைத்தான் குடித்திருக்கிறார்கள், கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு படித்துறைக்கு ஓடினார்கள்.

காளையை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரிடா, எறங்கி அத எடுத்துட்டுக் கிணத்த எறச்சு விட்ரு" என்றார் ஒருவர், வழக்கமான வேலையைச் சொல்வதுபோல.

"மாட்டேன். போட்டவரு எடுக்கட்டும்" என்றான் காளை.

வாந்தியெடுத்து ஓய்ந்த மேலத்தெருப் பெண் ஒருத்தி, வாயைத் துடைத்தபடி அழகுமலையின் முன்னால் வந்தாள்.

"எம் பிள்ளைக்கும் அதத்தான் ஊத்தியிருக்கேன் சித்தப்பா. எறங்குங்க."

அழகுமலை தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.