பார்த்ததை இங்கேயே வைத்துவிட்டுப் போகவும்

கோர்ட்டு டவாலி, யார் பெயரையும் சொல்லாமல் வழக்கு எண்ணை மட்டும் கூவியதும் ஆறுச்சாமி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மூன்றாம் மன்றத்துக்குள் போனார். கைப்பேசி, பேனா எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டையில் 'பொதுக்கண்' என்று எழுதிய அட்டையைக் குத்திவிட்டார்கள். சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரருக்கு ஊரே எழுந்து வழிவிடுவது போல ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

குலுக்கலில் பெயர் விழுந்ததிலிருந்தே அவருக்குப் பெருமைதான். ஒவ்வொரு விசாரணைக்கும் ஊரின் சார்பில் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்கவேண்டும், முடிவில் முறைப்படி நடந்ததா இல்லையா என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு காலத்தில் கோர்ட்டு விசாரணையை ஊர் பார்க்கலாமா கூடாதா என்று நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. கதவை மூடிக்கொண்டு சொல்வதற்குப் பெயர் நீதியா என்றது ஒரு கட்சி. கோர்ட்டுப் படியேறிய பாவத்துக்கு ஒருத்தியின் அந்தரங்கம் டீக்கடையில் நாறவேண்டுமா என்றது இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான், அதனால்தான் சண்டை தீரவே இல்லை. கடைசியில் நினைவுநீக்கி வந்து இருவர் வாயையும் அடைத்தது. மன்றத்துக்குள் எந்நேரமும் லேசாக ஒரு மருந்து வாசனை பரவியிருக்கும். அங்கே புதிதாக உருவாகும் நினைவுக்கெல்லாம் அது சாயம் ஏற்றிவிடும். வெளியே போகும் மறதி வாசலில் சாயம் ஏறியது எல்லாம் கழன்று விழுந்துவிடும். வழக்குக் கட்டு மட்டும் அடுத்த வாய்தாவுக்காக உள்ளேயே பூட்டியிருக்கும், மன்றம் அனுமதித்த சொல்தான் வெளியே போகும். யாரும் வந்து பார்க்கலாம், யாரும் எதையும் கொண்டுபோக முடியாது.

இந்தச் சட்டத்தை யாராவது குறை சொன்னால் ஆறுச்சாமிக்குப் பொறுக்காது. மகள் தாரகையின் முதல் கல்யாணம் முறிந்தது இதே கட்டடத்தில்தான். அன்றைக்கு அவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார். அந்தப் படுபாவி அவளை என்னவெல்லாம் செய்தான் என்று கேட்டிருப்பார், அழுதும் இருப்பார். வெளியே வந்தபோது ஒன்றும் நினைவில் இல்லை. இன்றைக்கும் மகளால் அப்பாவின் முகத்தைக் கூசாமல் பார்க்க முடிகிறது. அவள் மறுபடி கல்யாணம் செய்து, இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதக் கட்டுச்சோத்து விருந்துக்கு மண்டபம்கூடப் பேசியாயிற்று.

வழக்கு தொடங்கியது. ஆறு பெண்கள், எதிர்த்தரப்பில் நலவளம் கம்பெனி. கம்பெனியின் மடிவில்லையைப் பற்றிய வழக்கு என்று தெரிந்ததும் ஆறுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கர்ப்பிணியின் அடிவயிற்றில் ஒட்டிவிட்டால், மருந்துக்கடையில் வைத்துக்கொடுத்த அளவுப்படி குழந்தைக்கு வேண்டிய மருந்தைத் தானே அளந்து கொடுக்கும் வில்லை அது. தாரகைக்கு அவர்தான் ஆசையாக வாங்கி ஒட்டச் சொன்னார். ஊரில் பாதி வீட்டில் அது இருக்கிறது, வாங்காதவர்கள்தான் பொதுக்கண்ணாக வரவேண்டும் என்றால் ஆளே கிடைக்காது.

மன்றம் நியமித்த நிபுணர் மன்றத்தின் பின்னறையிலேயே வைத்து வில்லைகளைச் சோதித்திருந்தார். அந்த அம்மாள் நிதானமாகத்தான் பேசினார். "ஏழாம் மாசத்துக்கு மேல வில்லை அளவு தப்பிப் போகுதுங்க. கொஞ்சங்கொஞ்சமா மருந்து கூடிட்டே போயி குழந்தையோட இதயத் துடிப்பு நின்னுடும். இந்த ஆறு பேருக்கும் அதுதான் நடந்திருக்கு. இன்னும் ஒட்டியிருக்கறவங்களுக்கும் நடக்கும்."

ஆறுச்சாமி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். தாரகைக்கு ஏழாம் மாதம் அடுத்த வாரம் பிறக்கிறது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அறிக்கைக்கு ஆட்சேபணை தெரிவிக்க அவகாசம் வேண்டும், தீர்ப்பு வரும்வரை இது வெறும் பழி, தீர்ப்புக்கு முன்னால் ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது என்றார். போதாக்குறைக்கு இந்தச் சோதனை முழுவதும் அந்த ஆறு பெண்களின் உடம்பு விவரம், அதை வெளியிட வேண்டுமானால் ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும் என்று சட்டத்தைக் காட்டினார்.

"எம் பேரு ஊர் பூரா நாறுனாலும் பரவால்லீங்கம்மா, வெளிய சொல்லிப்போடுங்க!" என்று முன்வரிசையில் இருந்த ஒருத்தி கத்தினாள். நான்கு பேர் அவளோடு கையைத் தூக்கினார்கள். ஆறாவது பெண் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். வேலைக்காக வெளியூரில் தங்கியிருந்த அவள் உண்டானதே வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்று அவளுடைய வக்கீல் சொன்னார்.

ஆறுச்சாமிக்கு அவள்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுகணமே அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தாரகை தெரிந்தாள். தன் மகளுக்குக் கிடைத்த மறைப்பை இன்னொருத்தன் பெற்ற மகளுக்கு எந்த வாயால் வேண்டாம் என்பது? ஆனாலும் பெற்ற மனசு கேட்கவில்லை. எழுந்துவிட்டார்.

"அம்மா, எம் புள்ள வயித்துல அது ஒட்டியிருக்குதுங்க! அவகிட்ட மட்டுமாச்சும் ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா?"

நீதிபதி லோகாம்பிகை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உட்காருங்க ஐயா. என் மருமகளும் அதைத்தான் ஒட்டியிருக்கா. நானும் அந்த வாசல் வழியாத்தான் வீட்டுக்குப் போகணும்." பிறகு எதையும் பார்க்காமல் சொன்னார். "ஆடி கழிஞ்சு வாய்தா."

கூட்டம் கலைந்தது. ஓர் ஊருக்கே தெரியவேண்டிய சேதி நாற்பது பேர் தலைக்குள் இருந்தது. நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக அதைக் கழற்றி வைக்க வரிசையில் நின்றார்கள். மறக்காமலிருக்க உள்ளங்கையில் நகத்தால் எழுத்துக் கீறிக்கொண்ட ஒரு பொதுக்கண்ணைக் காவலர் தனியாக அழைத்துப்போய் மருந்து தடவி ஆற்றி அனுப்பினார்.

மறதி வாசலை இயக்கும் ஜெபராணி ஆறுச்சாமியின் முறை வந்ததும் நெற்றியில் பட்டையைக் கட்டினாள்.

"ஏனுங்கம்மிணி, எல்லாமே போயிருமா?"

"கேட்டதும் போகும், கேட்டதனால நெனச்சதும் போகுமுங்க."

"எதுவுமே நிக்காதா?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "படபடப்பு மட்டும் நிக்கும். யாரை நெனச்சு வந்த படபடப்புன்னு அரைகுறையா இருக்கும். எதுனாலன்னு தெரியாது."

அவருக்கு அதுவே போதும் என்று பட்டது. பயத்தையாவது கொண்டுபோகலாம். பயந்த அப்பன் சும்மா இருப்பானா, எதையாவது செய்து மகளைக் காப்பாற்ற மாட்டானா? கண்ணை மூடிக்கொண்டு தாரகை, அவள் வயிறு, வயிற்றுப் பிள்ளை என்று விடாமல் நினைத்தார். பயத்தை ஊதி ஊதி வளர்த்தார். நெஞ்சு வெடித்துவிடும் போல அடித்துக்கொண்டது.

"முறைப்படி நடந்ததா?" என்று கேட்டது இயந்திரம்.

"இல்லை!" என்று கத்தியபடி வாசலைக் கடந்தார்.

வெளியே நல்ல வெயில். வேப்பமரத்தடியில் தாரகை நின்றிருந்தாள். வாசலைத் தாண்டி வருபவர்களுக்குத் தலை சுற்றும் என்று அழைத்துப்போக வந்திருந்தாள். சுவர்ப்பலகையில் முடிவு ஒளிர்ந்தது. முறைப்படி நடந்தது என்றவர் இருவர், இல்லை என்றவர் ஒருவர்.

"யாருப்பா அந்த ஒருத்தரு?" என்று சிரித்தாள்.

"எவனோ வேலையத்தவன்" என்றார் ஆறுச்சாமி. அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மகளைப் பார்க்கப் பார்க்க, எதனால் என்றே தெரியாமல் பயம் ஏறிக்கொண்டே வந்தது. அவளுக்கு ஏதோ ஆகப்போகிறது. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது. கண்ணில் நீர் முட்டியது.

"என்னப்பா ஆச்சு? இப்படி வேர்த்திருக்குது?"

"தெரியல கண்ணு. மனசு கெடந்து அடிச்சுக்குது. உம்பட வயித்துப் புள்ளைய நெனச்சாத்தான் பயமா இருக்குது." அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அந்த வில்லை இருக்குதல்ல, அது சரியா ஒட்டியிருக்குதா?"

"நேத்துக் குளிச்சதுல இருந்து ஒரு ஓரம் பிரிஞ்சு வருதுங்கப்பா. அரிப்பு வேற. கழட்டிப் போட்டுடலாமான்னு பாக்கறேன்."

"ஐயோ, கழட்டாத சாமி!" ஆறுச்சாமி பதறிப்போனார். புடவை மேலேயே கையை வைத்து, பிரிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அது ஒட்டிக்கொண்டதும் நெஞ்சுக் கனம் கொஞ்சம் இறங்கியது. "வா, போற வழியில மருந்துக்கடையில சொல்லி அளவைக் கொஞ்சம் கூட்டி வெக்கச் சொல்லலாம்."