பெயர் சொன்னவள்

வளைவுக்கு வளைவு "மெதுவாப் போங்க, கொமட்டுது" என்று நச்சரித்துக்கொண்டே வந்த கமலவேணி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்திய இடத்தைத் தாண்டியதிலிருந்து வாயே திறக்கவில்லை.

மருதமுத்துவுக்கு முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. முதலாளி குடும்பம் பிரேசர் மலை பங்களாவில் தங்கியிருந்தது. அவர்களை அழைத்துவர மலாக்கா காஜா பேராங்கிலிருந்து காலி வண்டியை ஓட்டி வந்தவன், மசக்கைக்காரியான மனைவிக்கு மலையைக் காட்டும் ஆசையில் அவளையும் ஏற்றிக்கொண்டான். மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஒட்டிய காகிதக் கொடி முன்கண்ணாடியில் இன்னும் உரியவில்லை.

ஒற்றைவழிப் பாதை அது. ஏறும் வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்குகிறவற்றுக்கு ஒரு நேரம். கடைசியாக இவர்களை விட்ட கையோடு கீழே கேட்டை மூடிவிட்டார்கள். பெரணிகள் கதவை உரச, எங்கோ விழும் அருவியின் இரைச்சல் ஒரு வளைவில் கேட்டு அடுத்த வளைவில் அறுந்துபோக, மூங்கில் புதர்களுக்குள்ளிருந்து வழிந்த மூடுபனி பிற்பகல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

காற்று வேண்டும் என்று அடம்பிடித்துத் திறந்து வைத்திருந்த பின்பக்கக் கண்ணாடிகளை அவள் இப்போது இறுக ஏற்றியிருந்தாள். உள்ளே ஈரமண் வாடை. அவன் தலைக்குமேலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். முகம் தெரியவில்லை. சடைதான் தெரிந்தது. சீட்டில் முட்டிபோட்டு, பின்னால் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, பின்னால அப்படி என்னத்தப் பாக்கற?"

சடை மட்டும் ஆடியது.

"ஒடம்பு முடியலையா? காடிய நிறுத்தட்டா?"

"மருதமுத்து." குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "நிறுத்தாத. வேகமாப் போ."

கல்யாணமான நாளிலிருந்து கமலவேணி அவன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று நம்பி வளர்ந்தவள். மலாக்கா கிளினிக்கில் நர்ஸ் கேட்டபோதுகூட, பக்கத்து வீட்டு கோகிலாவைச் சொல்ல வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றவள். அவளாவது, நீ போ என்று பேசுவதாவது?

தண்ணீர் ஊற்றும்போது அவள் வாந்தியெடுக்கப் புதர்ப்பக்கம் போனாள். பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உடனே வண்டியை எடுத்துவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏறியது யார்?

அப்போது பின்னாலிருந்து, பனிக்குள்ளிருந்து, மெல்லிசாக ஒரு குரல்.

"என்னங்க..."

அவள் குரல். அதே இழுப்பு, அதே சிணுங்கல்.

"என்னங்க, என்னைய விட்டுட்டுப் போறீங்களே..."

பிரேக்கை மிதித்தான். பின்னாலிருந்தவள் அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்தாள். "எறங்காத மருதமுத்து. அது நானில்ல. என் கொரல்லயே 'என்னங்க'ன்னு கூப்பிடுது, அதான் பேரச் சொல்றேன்."

மறுபடியும் பெயர். அவன் உதறிக்கொண்டு இறங்கி ஓடினான். வயிற்றில் பிள்ளையோடு நடுக்காட்டில் நிற்கிறாளே என்ற தவிப்பில் கண் இருட்டியது.

பனியிலிருந்து கமலவேணி வந்தாள். அதே பச்சைச் சேலை. முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். அவன் கையைப் பிடித்தான். சில்லிட்டிருந்தது. பாவம், எவ்வளவு பயந்திருப்பாள்.

"வந்துட்டேன் புள்ள. வா."

வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

பின்கண்ணாடிக்குள் ஒருத்தி கதறிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். கண்ணாடியில் அறைந்தாள். தலையைத் தலையை ஆட்டினாள். பிறகு கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்து, அவன் கட்டிய தாலியைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.

அவன் கையை உருவப் பார்த்தான்.

வரவில்லை.

"என்னங்க" என்றது பக்கத்திலிருந்த குரல், ஆசையாக. விரல்கள் அவன் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றின. இன்னொரு சுற்று. இன்னும் நீண்டுகொண்டிருந்தன.