தண்ணீரின் எடை

வாளியில் இருந்த தண்ணீர் குறைந்திருந்தது. குளத்துத் தண்ணீர் ஏறியிருந்தது.

ஆரோக்கியராஜ் படியில் குந்தி, கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒரு நீச்சல்குளம் ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு வாளியை நிரப்பி, குளத்தின் முதல் படியில், தண்ணீருக்குள் பாதி அமிழும்படி வைக்கவேண்டும். வாளியின் உள்மட்டத்துக்கு ஒரு கோடு, வெளிமட்டத்துக்கு ஒரு கோடு. வெயிலும் காற்றும் இரண்டிலிருந்தும் ஒரே அளவுதான் குடிக்கும். மறுநாள் குளம் வாளியைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்தக் கூடுதல் விரிசல் வழியே போனது என்று அர்த்தம். பணிக்காலம் முழுவதும் குடிநீர்த் திட்டங்களிலேயே பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். பொய் சொல்லத் தெரியாத சோதனை.

வாளி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. குளம் நாலு விரற்கடை ஏறியிருந்தது. மழை பெய்யவில்லை. குளத்துக்கு வரும் குழாய் துருப்பிடித்து அறுந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

"ஒழுகினா அடைக்கலாம்," என்று வாளியிடம் எரிச்சலாகச் சொன்னார். "இதை என்ன பண்றது?"

வளப்பூர் நாடு என்கிற இந்த மலையூரில் வீட்டை அவர் வாங்கியதே இந்தக் குளத்துக்காகத்தான். திருச்சியில் எல்லோரும் சிரித்தார்கள். முழங்கால் தேய்ந்த மனைவியை யாராவது மலைமேல் கூட்டிப்போவார்களா? ஆனால் தண்ணீரில் நடக்கச் சொன்னது சேலத்து டாக்டர். மார்பளவு தண்ணீரில் நிற்கிற மனிதருக்கு உடம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் காலுக்கு வந்து சேரும். மீதியைத் தண்ணீரே சுமந்துகொள்ளும். ஆரோக்கியராஜ் இதை ரோஸ்லினுக்குப் படம் போட்டே விளக்கியிருந்தார். அவள் படத்தைப் பார்க்காமல் பின்கட்டு ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்தாள். நீல ஓடுகள் பாதி உதிர்ந்து, பாசி படிந்து, பலா இலைகள் மிதக்கிற அந்தப் பச்சைத் தண்ணீரை.

"மூணுல ஒரு பங்கு ரோஸ்லின் நடக்குறதுக்கு இம்மாம் பெரிய சாக்கடையா? மண்ணைக் கொட்டி மூடுங்க. நான் நாலு ரோஜாப் பதியன் வைக்கிறேன்."

"சரி பண்ணிட்டா நீ சர்ச்சுப் படி ஏறிடலாம் ரோசு."

"நீங்க சரி பண்ணுறதுக்குள்ள நான் மோட்சத்துப் படியே ஏறிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விடியற்காலையில் அவள் கட்டிலைவிட்டு எழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற அந்தச் சின்ன முனகலை, சுவர்ப்பக்கம் திரும்பி, தூங்குவதுபோல் படுத்தபடி அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். குளத்தைச் சரிசெய்வதா, தூர்ப்பதா என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த ஒரே பதில் அந்த முனகல்தான்.

நாமக்கல்லில் நீச்சல்குளங்கள் கட்டித் தருகிற தமிழ்செல்வனுக்கு போன் செய்தார்.

"தண்ணி ஏறுதா? எறங்குதுன்னு சொல்லுங்க சார்."

"ஏறுது தமிழ்செல்வன். அடியில ஈரமண்ணு. நிலத்தடித் தண்ணி உள்ள வருது. அதனாலதான் காலி பண்ண யோசிக்கிறேன். காலியான தொட்டி ஒரு படகு மாதிரி. கீழ இருக்குற தண்ணி மொத்தமாத் தூக்கி உடைச்சுப்புடும். உள்ள இருக்குற தண்ணியோட எடைதான் அதை அழுத்திப் புடிச்சு..."

"சார், பாடம் நடத்துறீங்க. நல்லாத்தான் இருக்குது. எறைச்சுப் போடுங்க, தரையப் பாத்தாத்தான் நான் ஒண்ணு சொல்ல முடியும். நாளைக்கே வாரேனுங்க."

அந்த நாளை வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. வண்டி அடிவாரத்துக் காரவள்ளியிலேயே சூடாகிவிட்டது என்றார்; கொண்டை ஊசி வளைவில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துவிட்டது என்றார்; கடைசியில் போனை எடுத்ததும், கேட்கும் முன்பே, "வாரேனுங்க, வாரேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆரோக்கியராஜ் தானே மோட்டாரை இறக்கினார். ஹோஸ் பைப்பைச் சரிவில் விட்டார்.

தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியபோது வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது.

"ஏனுங்க சார்! என்ற குச்சிக்கிழங்கு என்ன பாவம் பண்ணுச்சுங்க? காடு பூரா ஓடுது பாருங்க!"

பக்கத்து மரவள்ளித் தோட்டத்துப் பாவாயி. இடுப்பில் கையை வைத்து, சேற்றில் கணுக்கால் புதைய நின்றிருந்தாள். ஆரோக்கியராஜ் மன்னிப்புக் கேட்டு, பைப்பைத் திருப்பிவைத்தார். அவள் போகவில்லை. குளத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் குரல் தாழ்ந்துவிட்டது.

"இத எதுக்குங்க எறைக்கறீங்க? வேண்டாமுங்க. கண்ணு மூடியே இருக்கட்டுங்க."

கண்ணு! அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. மலைக்கு வந்த நாளே பஸ் கண்டக்டர், "சாமி, உள்ள தள்ளி வாங்க" என்றிருந்தார். இந்தப் பக்கம் அப்படித்தான் போலிருக்கிறது. தலை நரைத்தவனைக்கூடக் கண்ணு என்பார்கள். மூடிவைக்கச் சொல்கிறாள், சரிதான், மாடு கன்று தவறி விழக்கூடாது இல்லையா? அன்று மாலையே பெரிய தார்ப்பாய் ஒன்றைக் குளத்தின் மேல் இழுத்துக் கட்டினார்.

காலையில் தார்ப்பாய் நடுவில் உப்பியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், குளம் நிரம்பியிருந்தது.

மறுபடி இறைத்தார். மறுபடி நிரம்பியது. மின்சாரம் போய்ப் போய் வந்தது, மோட்டார் பாசியை இழுத்துத் திணறியது, முதுகு வலித்தது. தண்ணீர் மட்டும் அவசரமே இல்லாமல் தன் இடத்துக்கு வந்து நின்றது. அந்தத் தண்ணீரில் ஒரு வாசனையும் இருந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்ததும் வருகிற, துருவும் பழந்துணியும் கலந்த வாசனை. பனி மூடிய மலைக்காலையில், பல் கிட்டுகிற குளிரில், கையை விட்டால் அது வெதுவெதுப்பாக இருந்தது. ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், பூமிக்குள் போகப்போகச் சூடு கூடும் என்று அவர் தனக்குத்தானே விளக்கிக்கொண்டார். தார்ப்பாய் மெல்ல உப்பி மெல்லத் தாழ்ந்ததற்கும் விளக்கம் இருந்தது. காற்றழுத்தம் மாறும்போது ஆழமான கிணறுகள் மூச்சு விடும், அவரே பார்த்திருக்கிறார். ஒவ்வொரு விளக்கமும் சரியாகப் பொருந்தியது. எதுவும் ஆறுதலாக இல்லை.

ஒருநாள் அவர் மோட்டாரின் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் ரோஸ்லினின் சிரிப்புக் கேட்டது. படியில் உட்கார்ந்து, நைட்டியை முழங்கால்வரை சுருட்டி, கால்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள்.

"ஏங்க, வலி போயிடுச்சு."

"என்னது?"

"சுத்தமாப் போயிடுச்சுங்க."

கையை ஊன்றாமல் எழுந்தாள். அவர் கைத்தாங்கலுக்கு ஓடிவருவதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் அங்கேயே நின்றார். சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது.

அதன்பிறகு அவளைக் குளத்தைவிட்டு எழுப்புவதே பாடாகிவிட்டது. காபி ஆறும். அடுப்பில் பால் பொங்கி வழியும். அவள் படியில் இருப்பாள், தண்ணீர் முதலில் கணுக்கால்வரை, பிறகு இடுப்புவரை. விடியற்காலை முனகல் நின்றுவிட்டது. பதிலுக்கு, அவர் கண் விழித்துப் பார்க்கும்போது பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

"ரிப்பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றாள். "அதை அப்படியே விடுங்க."

"நீதானே ரோசு மூடச் சொன்னே?"

"நானா சொன்னேன்?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அவள் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மதியம் முழுவதும் அவள் தண்ணீரைத் தொடவே இல்லை. ஆனாலும் சுருங்கித்தான் இருந்தன.

அன்றைக்கே அவர் முடிவு செய்தார். முள்ளுக்குறிச்சியிலிருந்து பெரிய டீசல் மோட்டாரை வாடகைக்கு வரவழைத்தார். மறுநாள் ரோஸ்லின் மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் கண்ணயர்ந்ததும் அதை ஓடவிட்டார். அது இரைந்தது, புகைந்தது, ஆனால் இறைத்தது. தண்ணீர் இறங்க இறங்கப் பாசி வழுக்கும் சுவர்கள் மேலெழுந்து வந்தன. பொழுது சாயும்போது முதல்முறையாகத் தரை தெரிந்தது.

ஏணி வைத்து இறங்கினார். குளத்தின் ஆழமான பக்கத்தில் வடிகால் இருக்கும். சல்லடை மூடியும் அதற்கடியில் குழாயும் இருக்கும். எல்லா நீச்சல்குளத்திலும் இருக்கும். தேடினார். குழாய் இல்லை. சல்லடை இல்லை. இருந்தது ஒரு வட்டமான காரை மூடி, மாட்டுவண்டிச் சக்கரத்தின் அளவு. தரை நான்கு பக்கமிருந்தும் அதை நோக்கியே சரிந்திருந்தது. ஓடுகள் பிற்காலத்தவை. படிகளும் பிற்காலத்தவை. அவர் கைவிரல்கள் கணக்கிடுவதுபோல் அசைந்தன. இவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் இவ்வளவு பெரிய மூடியின்மேல் பல டன் எடை உட்காரும்.

யாரும் நீந்துவதற்காகக் கட்டியதல்ல இது.

மூடியில் ஒரு விரிசல். புதியது, விளிம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. அதிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. நின்றது. உள்ளே போனது. கிணறு மூச்சு விடுவது நாளுக்கு ஓரிரு முறைதான். இது அவர் மூச்சுக்கு ஒன்றாக வந்தது. சோதித்துப் பார்க்கத் தோன்றியது அவருக்கு. மூச்சை அடக்கிக்கொண்டார்.

அதுவும் அடக்கிக்கொண்டது.

ஏணியில் எப்படி ஏறினார் என்று தெரியாது. வேலிக்கு ஓடினார். பாவாயி கிழங்குக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பனிமூட்டம் பலா மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.

"பாவாயி, அன்னிக்கு எதை மூடச் சொன்னீங்க?"

"நான் எங்கீங்க மூடச் சொன்னேன்? மூடியே இருக்கட்டும்னுதானுங்க சொன்னேன்."

"ஆமா, 'கண்ணு, மூடியே இருக்கட்டும்'னு..."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ சார்! உங்களப் போயி நான் கண்ணுன்னு கூப்புடுவனுங்களா? என்ற ஊட்டுக்காரரு கேட்டா என்னத்துக்கு ஆவறது!" சிரிப்புப் பாதியில் நின்றது. "கண்ணுன்னா ஊத்துக்கண்ணுங்க. அடியில இருக்குதுல்லீங்க, அது. மேல தண்ணி நின்னா மூடியே கெடக்கும்பாங்க. எனக்கென்னமோ, கேள்விப்பட்டதுதானுங்க." வேலியைப் பிடித்துக்கொண்டாள். "எறைச்சுப்போட்டீங்களா?"

"எறைச்சாச்சு."

"அக்கா எங்கீங்க?"

அவர் திரும்பி ஓடினார்.

டீசல் மோட்டார் நின்றிருந்தது. வீட்டுக்குள் பின்கட்டு விளக்கு மட்டும் எரிந்தது. கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது.

"ரோசு?"

சமையலறை காலி. குளியலறை காலி. தரையில் ஈரம் இல்லை.

மோட்டாரை மறுபடி ஓடவிட வேண்டாம், வேண்டாம். நிரப்பவேண்டும். மேலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்பவேண்டும். லாரித் தண்ணீர். எங்கிருந்தாவது. போனைத் தேடிக்கொண்டே பின்கட்டுக் கதவைத் தாண்டினார்.

தண்ணீர் தேவையில்லை.

குளம் நிரம்பியிருந்தது. விளிம்புவரை. ஒரு சுருக்கம் இல்லாமல். அவர் வேலிவரை போய் வந்த நேரத்துக்குள்.

அப்பாடா என்று ஒரு மூச்சு நெஞ்சுக்குள் எழுந்தது. எடை வந்துவிட்டது. மூடிவிட்டது. அடுத்த கணமே, வேண்டாம் என்று கெஞ்சினாலும் நிற்காமல், அவருடைய படிப்பு அவருக்கு விளக்கியது. மேலிருந்து ஊற்றிய தண்ணீர் மூடியை அழுத்தும். விரிசல் வழியே கீழிருந்து ஏறிய தண்ணீர் அழுத்தாது. மூடிக்கு மேலேயும் அதே தண்ணீர். கீழேயும் அதே தண்ணீர். இரண்டு பக்கமும் சமம். இந்தக் குளத்தில் இப்போது எடையே இல்லை.

பச்சை போயிருந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. விளக்கு வெளிச்சம் தரைவரை இறங்கியது.

ரோஸ்லின் அங்கே நடந்துகொண்டிருந்தாள்.

அடியில். தரையில். சுவரை ஒட்டி.

தண்ணீர் தூக்கவேண்டும். எதையும் தூக்கும். அவளைத் தூக்கவில்லை. நைட்டி மிதக்கவில்லை. கூந்தல் முதுகில் படிந்தே கிடந்தது. வாயிலிருந்து ஒரு குமிழிகூட இல்லை. அவள் மூடியைத் தாண்டி நடந்தாள், நொண்டாமல், கல்யாணமான புதிதில் நடந்ததுபோல. மூடி இரண்டாகப் பிளந்து பக்கத்துக்கு ஒன்றாகக் கிடந்தது.

"ரோசு! ரோசு!"

அவள் நிமிரவில்லை. மூலையில் நிதானமாகத் திரும்பினாள். இடது கை சற்றே பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் மடங்கி, இன்னொரு கையைப் பற்றியிருப்பதுபோல் இருந்தது. பாசியில் அவளுடைய காலடி ஒவ்வொன்றாகப் பதிந்தது. அதற்குப் பக்கத்தில், நீளமான, விரல்கள் அகன்ற இன்னொரு ஜோடிக் காலடி பதிந்தது. அதன்மேல் யாரும் இல்லை. ஒரு தடம். பொறுத்து, அடுத்த தடம். அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, நோயாளிக்கு நடை பழக்குகிறவரின் பொறுமையோடு.