தீர்ந்த புகார்

முதலில் உறுத்தியது சத்தம் இல்லாததுதான். லிஃப்ட் கதவு மூடியதும் தலைக்கு மேலே தடதடக்கும் மின்விசிறி இன்று வாயே திறக்கவில்லை. இரண்டு மாடி இறங்கியதும் ஒரு குலுக்கலோடு லிஃப்ட் நின்றுபோனது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. லிஃப்ட் செய்து விற்கும் கம்பெனியின் சொந்த லிஃப்ட்! அதுவும் அவளுடைய கடைசி நாளில். எட்டு வருடமாகப் புகார்களுக்குப் பதில் எழுதியவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கடிதக்காரி. ‘தங்கள் சிரமத்தை முழுமையாக உணர்கிறோம்’ என்ற வாக்கியம் அவள் பெற்ற பிள்ளை. பதில் போய்விட்டால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். லிஃப்ட் ஓடியதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அவளும் பார்த்ததில்லை.

அந்தக் கடிதங்களையெல்லாம் கொட்டி, புகார்களுக்குத் தானே பதில் எழுத ஒரு கணினி இயந்திரத்தைப் பழக்கச் சொன்னது மேலாளர் அக்காதான். “பயப்படாத, உன் வேலைக்கு நான் பொறுப்பு” என்று கையைப் பிடித்துச் சொன்னாள். இன்று மதியம் வந்த பணிநீக்கக் கடிதத்தில் அக்காவின் கையெழுத்து. வாக்கியங்கள் அத்தனையும் இவளுடையவை.

அவசரப் பொத்தானை அழுத்தினாள். சுவரில் இருந்த திரை விழித்தது.

‘தங்கள் சிரமத்தை முழுமையாக உணர்கிறோம்.’

“உள்ள மாட்டிக்கிட்டேன். ஆள் அனுப்புங்க.”

‘தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.’

போனில் சிக்னல் இல்லை. மூன்று நாள் விடுமுறைக்குக் கட்டடம் காலியாகிக்கொண்டிருந்தது. எங்கோ கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும் சத்தம், காய்ந்த கிரீஸின் நாற்றம், கழுத்தில் வழியும் வியர்வை.

“மூச்சு முட்டுது!”

‘தங்கள் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு.’

வெளியே செருப்புச் சத்தம். தெரிந்த நடை.

“அக்கா! நான்தான்க்கா!”

நடை நெருங்கி வந்தது. நின்றது. வெளியே ஒரு போன் ‘டிங்’ என்றது.

“புகார் தீர்க்கப்பட்டது” என்று அக்கா வாய்விட்டுப் படித்தாள்.

“இல்லக்கா! உள்ளதான் இருக்கேன்!” கதவை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

ஒரு சாண் தூரத்தில் அக்காவின் மூச்சு கேட்டது.

“சரியாயிடுச்சுன்னு வந்திருக்கே” என்றாள் அக்கா, பொறுமையாக.

செருப்புச் சத்தம் படியிறங்கியது. ஒரு மாடி. இன்னொரு மாடி. அப்புறம் ஒன்றுமில்லை.

விளக்கு அணைந்தது. திரை மட்டும் எரிந்தது.

‘எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா?’

கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

அவள் தொடவில்லை. ஒவ்வொன்றாக, ஐந்தும் தாமாகவே நிரம்பின.