அவா எப்பிடி இருக்கிறா?

மழை அப்படியொன்றும் அழகாகப் பெய்யவில்லை. அது மாரி மழை. மல்லாவி வீதியில் குழி எது, வெள்ளம் எது என்று தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

தயாபரனின் பட்டா என்ற சின்ன லொறியில் ஒன்பது பால் கான்கள். ஒன்பது மணிக்குள் கிளிநொச்சிக்குப் போகாவிட்டால் பால் திரைந்துவிடும். அவன் வழியில் யாருக்காகவும் நிற்பவனில்லை.

அன்று நின்றான். நிற்காமல் என்ன செய்வது... வீதியின் நடுவில் ஒருத்தி நின்றாள். குடையில்லை. பனையோலைக் கடகமொன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கடகத்தின் மேல் துவாய் மூடியிருந்தது.

"அண்ணை, கிளிநொச்சிக்கோ? பஸ் போட்டுது... கமலாட்சிக்கு ஏலாது அண்ணை. மூண்டு நாளாச் சத்தி. ஒரு சொட்டுத் தண்ணி இறங்கேல்லை. அவாவைக் கெதியா டொக்டரிட்டைக் கொண்டு போகோணும்."

முகமெல்லாம் மழை. கண்கள் மட்டும் வேறு தண்ணீரில் நனைந்திருந்தன. தயாபரன் அந்தக் கண்களைத் தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்துவிட்டான்.

"அவா எங்கை, வீட்டிலையோ? பின்னுக்கு முழுக்கப் பால் கான். படுக்க வைக்க இடமில்லை. முன்னுக்கு இருந்து வருவாவோ?"

"ஓம் அண்ணை, என்ரை மடியிலை இருப்பா."

"மடியிலையோ?"

ஒரு மெலிந்த கிழவியை மனதில் கற்பனை செய்துகொண்டு அவன் கதவைத் திறந்துவிட்டான். வீடு எங்கே என்று கேட்பதற்குள் அவள் ஏறி, கதவைச் சாத்தி, துவாயை விலக்கினாள். இரண்டு மஞ்சள் கண்கள் அவனைச் சோர்வாகப் பார்த்தன.

"பூனையோ?!"

"கமலாட்சி" என்றாள் அவள்.

"அவா அவா எண்டு சொன்னீங்கள்... நான் உங்கடை அம்மாவோ பெரியம்மாவோ எண்டு நினைச்சன்."

"நான் பொய் சொல்லேல்லையே. பூனை எண்டு சொல்லியிருந்தால் ஏத்தியிருப்பீங்களோ?"

ஏற்றியிருக்க மாட்டான். அது அவனுக்கே தெரிந்ததால் கோபம் கூடியது. வண்டியை ஓட்டியபடி, வாயில் வந்ததைச் சொன்னான்.

"இந்த மண்ணிலை மனிசருக்கே அழ நேரமில்லாமல் ஓடினனாங்கள். நீங்கள் பூனைக்கு அழுறீங்கள்."

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"என்ரை அப்பா போன வருசம் சிறுநீரகம் பழுதாகிச் செத்தவர். ஆறு மாசம் அவரின்ரை கால்மாட்டிலை படுத்தது இவாதான். பேர் வைச்சதும் அவர்தான். 'அவாவுக்குச் சாப்பாடு வைச்சாச்சோ பிள்ளை' எண்டுதான் கடைசியாக் கேட்டவர். வண்டியை நிப்பாட்டுங்கோ."

"மழை பெய்யுது..."

"நிப்பாட்டுங்கோ அண்ணை."

நிறுத்தினான். அவள் இறங்கி நடந்தாள். முதுகை வளைத்து, தன் உடம்பையே கூரையாக்கிக் கடகத்தின் மேல் கவிழ்ந்தபடி நடந்தாள். அவள் நனைந்தாள், கடகம் நனையவில்லை.

தயாபரன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியை மெதுவாக அவளருகே கொண்டுபோனான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"ஏறுங்கோ... அவா நனையிறா."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் நின்றாள்.

"அவாவுக்காகத்தான் ஏறுறன்."

"ஓம், விளங்குது."

பெயர் பிரேமிளா. மல்லாவியில் முன்பள்ளி ஆசிரியை. மாங்குளம் தாண்டும்போது அதை மட்டும் சொன்னாள்.

கிளிநொச்சியில் மிருக வைத்தியர் பூனையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. முகத்தைச் சுளிக்காமல் உண்மையைச் சொன்னார்.

"வைரசு. குடலைத் தாக்கியிருக்கு. அஞ்சு நாள் காலமையும் பின்னேரமும் தோலுக்குக் கீழை சேலைன் ஏத்தோணும். ஊசி குத்திறதை இண்டைக்குக் காட்டித் தாறன். ஆறாம் நாளைக் கண்டிட்டா எண்டால் தப்பினா. ஆனால் தனிய ஏலாது. ஒராள் பிடிக்கோணும், ஒராள் குத்தோணும். வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"அம்மா. அவாவுக்குக் கை நடுக்கம்..."

வைத்தியர் தயாபரனைப் பார்த்தார். அவன் சுவரிலிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தான்.

"காலமை நான் அந்தப் பக்கம் பால் எடுக்க வாறனான்" என்றான் மாட்டிடம்.

"பின்னேரம்?"

"பின்னேரமும்... வரலாம்."

பின்னேரத்தில் அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.

அடுத்த நாள் காலை, ஒரு போத்தல் நிறையப் பசும்பாலோடு போனான். பிரேமிளா போத்தலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"சுகமாகும் வரைக்கும் பால் கண்ணிலையும் காட்டக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். நீங்கள் அந்த நேரம் மாட்டுப் படம் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

முதன்முதலாகச் சிரித்தாள். அந்தப் பாலில் அவளுடைய அம்மா அவனுக்கே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

அவன் பிடிப்பான். அவள் குத்துவாள். கமலாட்சியின் கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கும்போது இருவரின் விரல்களும் முட்டும். இருவருமே சேலைன் பையை மட்டும் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் பூனை அசையவில்லை. காதுகள் குளிர்ந்திருந்தன. பிரேமிளா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"குத்துங்கோ" என்றான் தயாபரன். "நான் பிடிச்சிருக்கிறன். விடமாட்டன்."

சேலைன் இறங்கி முடிந்தது. பிறகு, யாரும் கேட்காமலே அவன் சொன்னான்.

"எங்களிட்டை ஒரு நாய் இருந்தது. வீமன். இடம்பெயரேக்கை எனக்குப் பதினொரு வயசு. உழவு இயந்திரத்திலை ஏறி நாலு மைல் போன பிறகுதான் ஞாபகம் வந்தது... அவனைக் கட்டையிலை இருந்து அவிட்டு விடேல்லை. கட்டினது நான்தான். அண்டையிலை இருந்து எந்த உயிரையும் கிட்ட எடுக்கிறேல்லை. அண்டைக்கு வீதியிலை உங்களிட்டை அப்பிடிக் கதைச்சது... அது உங்களுக்குச் சொன்னதில்லை."

பிரேமிளா அவன் கையின் மேல் தன் கையை வைத்து, பூனையின் வயிற்றை அவன் உள்ளங்கையால் தொட வைத்தாள். மெல்லிய சூடு... மூச்சு ஏறி இறங்கியது.

"நாளைக்கும் வாங்கோ" என்றாள்.

வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இன்றைக்கு ஒரு தடவைகூட அவள் 'அண்ணை' என்று சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. மறுமுனையில் அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எது எதென்று பிரிக்க முடியவில்லை.

"அவிச்ச மீன் திண்டிட்டா! ரெண்டு துண்டு! திண்டிட்டு என்னைக் கடிக்கவும் வந்தவா!"

தயாபரன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வைத்தியருக்கா, விட்டுப்போன பஸ்ஸுக்கா, அந்த மாரி மழைக்கா... எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான். அன்றைக்குப் பால் பிந்தியது. திரையவில்லை.

கமலாட்சிக்குச் சுகமாகி மூன்று கிழமையாகியும் அவன் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தான். "அவா எப்பிடி இருக்கிறா? அவா சாப்பிட்டவாவோ? நித்திரையோ? சரி, எழுப்ப வேண்டாம்..."

கிளிநொச்சி வீட்டுக் குசினியில் சமைத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். தயாபரனின் அம்மா, கமலாசனி. அவர் இதுவரை காணாத சிரிப்பெல்லாம் மகன் சிரிக்கிறான். இருபத்தேழு வயது. கமலாட்சி என்ற பெயரும் மல்லாவி முன்பள்ளி என்ற இடமும் அவன் பேச்சிலிருந்தே அவர் காதில் விழுந்திருந்தன. ஒரு சனிக்கிழமை, நல்ல சேலை உடுத்து, வாழைப்பழச் சீப்பொன்றும் வாங்கிக்கொண்டு மல்லாவிக்கு பஸ் ஏறினார்.

விடயம் தெரிந்து தயாபரன் வண்டியைப் பறக்கவிட்டு வந்து சேர்ந்தபோது, அம்மா பிரேமிளா வீட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிரேமிளா எதிரே விழித்துக்கொண்டு நின்றாள்.

"நான் தயாபரன்ரை தாய். கமலாட்சி எண்ட பிள்ளையைப் பாக்க வந்தனான்" என்றார் அம்மா. "வருத்தம் வந்து சுகமானவாவாம். இப்ப நல்லாச் சாப்பிடுறாவோ?"

"ஓம் அன்ரி, நல்லாச் சாப்பிடுறா..." பிரேமிளாவின் உதடு துடித்தது. "கூப்பிடட்டோ?"

கூப்பிட்டாள். கமலாட்சி வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து, கமலாசனியின் நல்ல சேலையில் ஏறிப் படுத்துக்கொண்டது.

அம்மா பூனையைப் பார்த்தார். பூனை அம்மாவைப் பார்த்தது.

"நான் தேத்தண்ணி ஊத்திறன்" என்று வாயைப் பொத்தியபடி பிரேமிளா குசினிக்குள் ஓடிவிட்டாள்.

"டேய் தம்பி." அம்மா வாசலில் நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தார். "மூண்டு கிழமையா அவா அவா எண்டு உருகினது... இந்தப் பூனைக்கோ? நான் பொம்பிளைப் பிள்ளை ஒண்டெண்டெல்லோ வந்தனான். வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு!"

'ஓம், பூனைக்குத்தான்' என்று சொல்லித் தப்பலாம். இரண்டு சொல். வழக்கமான தயாபரன் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் கட்டிப்போட்டதை அவிழ்க்காமல் போவது எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மா... பிள்ளையும் இருக்குது. தேத்தண்ணி ஊத்தப் போட்டா."

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

கமலாட்சி கொட்டாவி விட்டது. அம்மாவின் கை அதன் முதுகில் அப்படியே நின்றது.

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"தயா... சீனி எத்தினை கரண்டி எண்டு கேளுங்கோ..."

"ஆரிட்டை?" என்றான் தயாபரன்.

கரண்டி மறுபடி கோப்பையில் தட்டியது.

"மாமியிட்டை."