பதினோராம் பக்கம்

நாற்பத்திரண்டு பேர்தான். எத்தனை தடவை எண்ணினாலும் நாற்பத்திரண்டு. அப்படியானால் இந்த நாற்பத்துமூன்றாவது ஆள் யார்?

அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்கிடங்கின் இயந்திரங்கள் மூச்சைப் பிடித்துப் பிடித்து உறுமிக்கொண்டிருந்தன. நனைந்த அட்டைப்பெட்டிகளின் வாடை கதவிடுக்கு வழியாக வந்து அவள் புடவையில் தங்கியது. மதியம் மூன்று மணிக்கும் எரிந்தாக வேண்டிய குழல்விளக்கு, மேசையில் அவள் கைகளை வேறு யாருடைய கைகளையோ போலக் காட்டியது. கிடங்கு ஆட்கள் டேப்லெட்டில் தங்கள் பணி எண்ணை அடித்துப் பாதுகாப்புப் பாடம் படிப்பார்கள். எந்தப் பக்கத்தை எப்போது திறந்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதெல்லாம் வரிவரியாக அவள் திரைக்கு வரும். எந்த வரி யாருடையது என்று கண்டுபிடித்து அவரவர் பெயரில் சேர்ப்பது அவள் வேலை.

பெயர்க் கட்டம் காலியாக வந்தால், யாரோ எண்ணைத் தப்பாக அடித்திருப்பார்கள். இந்த வரிகளில் எண் சரியாகத்தான் இருந்தது. அதற்கு உரியவரை மூன்று வாரத்துக்கு முன் அவளே பட்டியலிலிருந்து நீக்கியிருந்தாள். நெட்டை என்று எல்லாரும் கூப்பிட்டவர். இரவுப் பணியில் நான்காம் குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டவரைக் காலையில் பிணமாகத்தான் கண்டார்கள்.

"அந்தப் பேரில்லாத வரியையெல்லாம் நெட்டை பேர்ல போட்டுடும்மா. தேதியை மட்டும் போன மாசத்துக்கு மாத்திடு" என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளை விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள். படித்துத் தெரிந்தும் அசட்டையாக இருந்தார் என்று ஆகிவிட்டால், பழி செத்தவர் தலையிலேயே விடியும்.

நெட்டை பேரில் ஏற்கெனவே இருக்கும் பழைய பதிவு விசாரணைக்கு உதவாது. அது மேற்பார்வையாளர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, எல்லார் எண்ணையும் அடித்து, பக்கத்துக்கு மூன்று விநாடி என்று தட்டித் தள்ளியது. "என் புண்ணியத்துல எல்லாரும் பட்டதாரி" என்பார் அவர். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாற்பத்துமூன்று பேருக்கும் 'முடித்தார்' என்று குறித்தாள். அந்தச் சிரிப்பை இந்த மூன்று வாரமாக அவளால் விழுங்க முடியவில்லை.

ஆக, மேலாளர்தான் யாரையோ உட்காரவைத்துப் புதிதாகப் படிக்கச் செய்கிறார். வேறு யாருக்கு லாபம்? ஆனால் வரிகளைப் பார்க்கப் பார்க்க அந்தச் சந்தேகம் காலூன்ற மறுத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். எழுத்துக்கூட்டிப் படிப்பவரின் நேரம். பதினோராம் பக்கத்தில் நாற்பது நிமிடம். பிறகு, அடுத்த பக்கத்துக்குப் போகாமல், மறுபடியும் முதல் பக்கம். இப்படியே இரவும் பகலுமாக.

பதினோராம் பக்கம்: உள்ளேயிருந்து கதவைத் திறக்கும் முறை.

பொய்க்குப் படிக்கிறவன் ஏன் முடிக்காமல் விடுகிறான்?

கணினி பழுதுபார்ப்பவனை, எல்லாரும் 'வயர்' என்று கூப்பிடுகிறவனை, போனில் அழைத்தாள்.

"தம்பி, இது எந்த டேப்லெட்லேர்ந்து வருதுன்னு பாரேன்."

விசைகள் தட்டும் ஓசை.

"அக்கா, என்னை வெச்சு விளையாடுறீங்களா?"

"சொல்லுப்பா."

"அன்னிக்கு நெட்டை அண்ணன் கையில இருந்த டேப்லெட்தான். நாலாம் ரூம்லயேதான் கெடக்கு."

"அந்த ரூம் கதவுல ஒட்டின சீலை யாராவது உடைச்சிருப்பாங்க."

"இப்பதான் அந்த வழியா வந்தேன். ஒட்டின காகிதம் ஒட்டினபடி இருக்கு. அதுவுமில்லாம, மூணு வாரமா சார்ஜ் போடலையேக்கா."

இவனும் கூட்டோ? அவள் போனை வைத்தாள்.

படிப்பவர் யார் என்று உறுதிசெய்ய, பக்கம் திறக்கும்போதெல்லாம் டேப்லெட் ஒரு படம் எடுக்கும். மேற்பார்வையாளர் எப்போதும் கேமராமேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவார் என்பதால் அந்தப் படங்களை யாரும் பார்ப்பதில்லை. அவள் திறந்தாள்.

கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. ஒட்டுத்தாளின் கறுப்பு இல்லை இது. ஆழமிருந்தது.

வெளிச்சத்தைக் கூட்டினாள்.

சாம்பல். இன்னும் கொஞ்சம்.

இமைமுடிகளில் வெள்ளை. மூக்குத் துளைகளில் வெள்ளை. தாழ்ந்த கண்கள். படத்தின் கீழோரத்தில், மங்கலாக, வரிக்கு அடியில் வைத்த ஒரு விரல். உதடுகள் ஓர் எழுத்தில் பிளந்து நின்றன.

படத்தின் அடியில் நேரம். இன்று. மூன்று பத்து.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பதினொன்று.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

மேலாளர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. அவர் குனிந்தார். திரையை வெகுநேரம் பார்த்தார். அலறுவார் என்று காத்திருந்தாள். அவர் மூச்சு ஒரே சீராக அவள் காதருகே வந்து போனது.

"முகம் நல்லாத் தெரியுதே" என்றார். "அவனேதான். இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? சேர்த்துடு."

இயந்திரங்களின் உறுமல் நின்றிருந்தது. திரையில் புதிய படம் விழுந்தது. அதே முகம். உதடுகள் அடுத்த எழுத்துக்குக் குவிந்திருந்தன.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன் சார்" என்றாள், தாழ்ந்த குரலில். "அவர் இன்னும் படிச்சு முடிக்கல."